ஒன்றரை வோல்ட்

இடது பெட்டி தம்பெரே பழஞ்சந்தையில் கிடைத்தது,
பனிச்சறுக்குக் கட்டைகளுக்கும்
காது போன காபிக் கோப்பைகளுக்கும் நடுவில்,
பதினெட்டு யூரோ.
வலதுக்கு லாஹ்தி வரை போகவேண்டியிருந்தது,
வழியில் ஒரு ரயில் மாறி,
மடியில் வைத்துத் திரும்ப ஒரு போர்வையோடு.

கதவைத் திறந்தவர் பெயர் காலெவி ஹுஹ்தனேன்.
ஒன்றுதான் இருக்கிறது, என்றார்.
ஒன்றுதான் வேண்டும், என்றேன்.
இந்த நாட்டில்கூட
இதைவிடச் சுருக்கமாக யாரும்
பேரம் முடித்திருக்க மாட்டார்கள்.

ஒரே கம்பெனி, ஒரே மாடல்.
முதுகில் ஒட்டிய எண்கள் மட்டும் நாலாயிரம் தள்ளி.
இதன் மரம் வெயிலில் வெளுத்திருந்தது.
அதன் தலையில் பூத்தொட்டி வைத்த வட்டம்.
மீட்டரைத் தொட்டுப் பார்த்தேன்:
ஐந்து புள்ளி ஆறு ஓம்,
ஐந்து புள்ளி எட்டு.
பத்துக்கு ஒன்பது பொருத்தம்.

கடைசி டிராமை ஷெட்டில் விட்டுவிட்டு வந்து
பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
தட்டைச் சுழலவிட்டேன்.

பாட்டு வந்தது.
பாடுகிறவள் வரவில்லை.
குரல் ஜன்னல் சீலையில் கொஞ்சம்,
எதிர்ச்சுவரில் கொஞ்சம்,
என் பின்மண்டைக்குள் கொஞ்சம்.
டபுள் பேஸ்காரன்
சம்பளம் வாங்காமலே வீட்டுக்குப் போயிருந்தான்.
எரிச்சலில் ஒரு ஒயரைப் பிடுங்கினேன்,
பேஸ் திரும்பி வந்தது!
இரண்டும் சேர்ந்தால் குறைகிறது,
ஒன்று விலகினால் கூடுகிறது.
என் முதல் கல்யாணத்தில்
பார்த்த கணக்குதான்.

ஏட்டிக்குப் போட்டி:
ஒன்று காற்றைத் தள்ளும்போது
மற்றது இழுக்கிறது.
ஆனால் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு,
மூன்று தடவை பார்த்தாயிற்று,
டார்ச் அடித்து ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கமும்.
வெளியே எல்லாம் ஒழுங்கு.

சமையலறைக் கடிகாரத்திலிருந்து
பேட்டரியைக் கழற்றினேன்.
ஒயர் முனையை அதில் வைத்தேன்.
இடது: டப்.
கோன் முன்னால் வந்தது.
வலது: டப்,
அச்சாக அதே சத்தம்.
கோன் உள்ளே போனது.

எட்டுத் திருகு. பஞ்சு.
பஞ்சுக்குப் பின்னால்
யாரோ எப்போதோ அவசரத்தில்
இடம் மாற்றிப் பற்றவைத்த இரண்டு ஒயர்,
சப்பிப் போட்ட சூயிங் கம் மாதிரி ஈயம்.

காலையில் காலெவிக்குப் போன் செய்தேன்.
உங்கள் பெட்டி இத்தனை வருஷமும்
எதிராகவே ஒலித்திருக்கிறது என்றேன்.
பதிலில்லை. கெட்டில் கொதிப்பது கேட்டது.
பிறகு:
எனக்கு இடக்காது கேட்காது, இர்மெலி.
ஜோடி எதற்கென்று ஒன்றைத்
தம்பி மகனிடம் கொடுத்துவிட்டேன்.
ஹாக்கி வர்ணனை மட்டும்தான் கேட்பேன்.
தோற்ற ஆட்டமெல்லாம்
தோற்ற மாதிரிதான் கேட்டது.

பணம் திருப்பித் தரட்டுமா என்றார்.
வேண்டாம் என்றேன்.
அவர் மேல் பிழையில்லை.
ஒரு கை ஓசை எழாது என்பார்கள்,
ஒற்றைப் பெட்டி எழுப்பும்.
உள்ளே போய் வெளியே வந்தாலென்ன,
வெளியே வந்து உள்ளே போனாலென்ன,
காற்று ஆடுகிறது, காது கேட்கிறது.
பக்கத்தில் இன்னொன்று
வந்து நிற்கும்வரை
அது தப்பே இல்லை.

பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து,
மாற்றிப் பற்றவைத்து,
விரல் நுனி சுட்டுக்கொண்டு,
திருகுகளை முடுக்கினேன். ஏழுதான் கிடைத்தது.
வலதின் ட்வீட்டர் இன்னும் மந்தம்.
கெபாசிட்டர் காய்ந்திருக்கும்,
அது அடுத்த சம்பளத்துக்கு.
இப்போதைக்கு பேலன்ஸ் குமிழை
வலப்பக்கம் ஒரு மயிரிழை.

இரண்டு பெட்டிக்கும் நடுவே
காய வைத்த என் பூட்ஸ்,
அடியில் செய்தித்தாள், பனி உருகிய ஈரம்.
தட்டு சுழல்கிறது.
பூட்ஸுக்கு மேலே,
ஓர் ஆள் உயரத்தில்,
எதுவுமே இல்லாத இடத்தில் நின்று
பாடுகிறாள்.
அடுத்த வரிக்கு மூச்சிழுப்பதுகூடக் கேட்கிறது.

சமையலறையில் மணி
இன்னும் இரண்டு பத்து.