நான்காம் நிலை மின்வெட்டு

டர்பன், வெஸ்ட்வில் குன்று. ஜூலை. மாலை ஆறு.
எண்ணெய்த் தொட்டியில் தொண்ணூறு டிகிரி.
குடுவைக்குள் ஸ்டைரீன்
ஒன்றின் கையை ஒன்று பிடித்து
நீண்டுகொண்டிருந்தது.

உயிருள்ள சங்கிலி என்பது எங்கள் தொழிலில் உவமை அல்ல.
நுனி திறந்திருந்தால் உயிர்;
அடுத்து வருவது எதுவானாலும் கோத்துக்கொள்ளும்.
நுனி அடைபட்டால் செத்தது.
நீளம் மட்டும் மிஞ்சும்.

ஆறு மூன்றுக்கு விளக்கு போனது.
அட்டவணையில் எட்டு மணி என்றுதான் இருந்தது.
காந்தக் குச்சி குடுவையின் அடியில்
ஒருமுறை உருண்டு படுத்தது.
நொகுலுங்கா சுலுவில் ஏதோ சொன்னாள்.
பொருள் கேட்கவில்லை,
நானும் தமிழில் அதையேதான் சொல்லியிருந்தேன்.

தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் குடுவைக்குச் சுற்றினாள்.
கைபேசி வெளிச்சத்தில் வெப்பமானி பார்த்தோம்,
காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பார்ப்பதுபோல், ஆனால் தலைகீழாக:
இறங்காதே, இறங்காதே.
எண்பது. அறுபத்தைந்து. நாற்பத்தொன்று.
குளிர்ந்த குடுவை
பலூனின் ஊசித்துளை வழியே
ஒரு மிடறு காற்றைக் குடித்தது.
அந்த மிடற்றில் எத்தனை நுனிகள் அடைபட்டன என்று
அன்றிரவு யாருக்கும் தெரியாது.

எட்டரைக்கு மின்சாரம் வந்தது.
மறுநாள், வீம்புக்கு,
அக்ரிலேட்டை ஊற்றினேன்.

இந்த இரண்டுக்கும் ஆகாது.
தனித்தனியே விட்டால் எண்ணெயும் தண்ணீருமாய் விலகும்.
ஒரே சங்கிலியின் இரு பாதியாய்க் கட்டிவிட்டால்
எங்கே போகும்?
முதுகைத் திருப்பிக்கொண்டு
அடுக்கடுக்காய்ப் படுக்கும்.

மின்னணு நுண்ணோக்கியில் கோடு கோடாய் வந்தது:
கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை.
அழகு என்றார்கள்.
கருவி அறை தனலெட்சுமி மூட்லி,
இந்தப் பல்கலைக்கழகத்தை ஒரு நிறத்தாருக்கென்று
குன்றின்மேல் ஒதுக்கிவைத்த காலத்தில் இங்கே படித்தவர்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.
"எங்க ஊர் மேப்பு" என்றார்.
பிறகு, "தையல் எங்க இருக்கு, காட்டு."
காட்ட முடியவில்லை.
சங்கிலிக்கு ஒரே ஒரு பிணைப்பு.
கருவிக்கு எட்டாது.

செத்தவற்றைத்தான் மறந்திருந்தோம்.
குரோமட்டோகிராமில், நெடிய முகட்டின் பக்கத்தில்
சிறு கூனலாய் நின்றன.
அவற்றுக்கு மறுபாதி இல்லை, கட்டிவைக்கவும் யாரும் இல்லை.
தம் இனத்து அடுக்குக்குள் புகுந்து
நடுவில் படுத்து
அதை ஊதிப் பெருக்கியிருந்தன.

அதனால்தான்,
தகட்டில் ஊற்றிக் காயவைத்த படலத்தை
நொகுலுங்கா ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தபோது
அது நீலம்.
சாயம் ஒரு துளி சேர்க்கவில்லை.
சாய்த்தால் ஊதா, நிமிர்த்தினால் மறுபடி நீலம்.
மீன்கொத்தியின் முதுகுக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான்.

குறிப்பேட்டில், சூழ்நிலை என்ற பத்திக்கு நேரே எழுதினேன்:
தொண்ணூறு டிகிரி, நைட்ரஜன்,
இரண்டரை மணி நேரம் இருட்டு, ஒரு ஸ்வெட்டர்.

மறுபடி செய்து காட்டாதவரை யாரும் நம்பமாட்டார்கள்.
நாலு மாதமாய் முயல்கிறோம்.
வருவதெல்லாம் ஒழுங்கான, நிறமற்ற வெற்றி.
போன திங்களிலிருந்து மின்வெட்டு நிறுத்தம் என்று அறிவித்துவிட்டார்கள்.
ஊரே கைதட்டுகிறது.
நாங்கள் இரண்டு பேர்
சுவரிலிருக்கும் பெரிய சுவிட்சைப் பார்த்தபடி நிற்கிறோம்.
வெளியே முப்பத்திரண்டு டிகிரி வெயில்.
நொகுலுங்கா ஸ்வெட்டர் கொண்டுவந்திருக்கிறாள்.