ஐஸ்கிரீம் டப்பாவில் அறுநூற்று நாற்பது

நார்த்டேலில் என் கராஜ் கதவை
முழங்கால் உயரத்துக்குத் தூக்கி வைத்தால்
காற்று உள்ளே வரும், நாய் வராது.
ஞாயிற்றுக்கிழமை, மனைவி கோவிலுக்குப் போன பிறகு
கேஸ் அடுப்பைப் பற்றவைப்பேன்.
வார்ப்பிரும்புச் சட்டி. இனிச் சமையலறைக்குள் நுழைய முடியாத சட்டி.
கைப்பிடியில் அவள் சிவப்பு நெயில் பாலிஷ் பூசியிருக்கிறாள்,
விஷம் என்று எழுத இடம் போதாததால்.

டயர் கடை ம்ஃபுண்டோ வாளியில் சேர்த்து வைப்பான்:
சக்கரங்களின் நடுக்கம் நிற்க அடித்த ஈயத் துண்டுகள்,
வால்வு மூடிகள், சிகரெட் நுனிகள், ஒரு தடவை ஒரு பால்பல்.
எதற்கு என்று கேட்டான்.
தாளைச் சுட, என்றேன்.
தாள் உங்களை என்ன செய்தது, என்றான்.

துத்தநாகம் இளகாது.
எல்லாம் நீரான பிறகும் பிடிவாதமாய் மேலே மிதக்கும்.
கரண்டியால் ஒதுக்க வேண்டும்;
தப்பி ஒன்று கரைந்தால் சட்டி முழுக்கக் கஞ்சி.
மெழுகுவத்தித் துண்டைப் போட்டுக் கிளறினால்
அழுக்கு புகையோடு மேலேறி வரும்.
வழித்தெடுத்தால் அடியில் ஒரு கண்ணாடி,
கராஜ் விளக்கு அதில் ஆடாமல் நிற்கும்.

முதல் பத்தும் எப்போதும் சுருங்கிய தோல்.
அச்சு இன்னும் குளிர்ந்திருக்கிறது.
திட்டாமல் சட்டியில் திருப்பிப் போடுவேன்.
பதினொன்றோ பன்னிரண்டோ
அச்சைத் திறந்ததும் தானாக உதிரும்,
பழைய துவாலையின் மேல் தப் என்று.
அந்தச் சத்தத்துக்காகத்தான் இவ்வளவும்.
சனிக்கிழமை கிளப்பில் என் குறி சுமார்தான்,
கடைசிக்கு முந்திய இடம் பெரும்பாலும் எனக்கு.

அந்த ஜூலையில், கடைகள் எரிந்த வாரம்,
ரொட்டிக்கு நான்கு மணி நேர வரிசை.
தெருமுனையில் டயர்களும் ஒரு சோபாவும் போட்டு
ஆண்கள் காவல் இருந்தார்கள்.
நானும் ஓர் இரவு நின்றேன். டீ நன்றாக இருந்தது.
மூன்றாம் இரவு கராஜ் கதவில் தட்டல்.
படையாச்சி மகன் தேசிகன். பின்னால் இருவர், முகம் தெரியவில்லை.
"அங்கிள், நீங்க செய்வீங்களாமே."
அவன் கல்யாணத்தில் நான் பந்தி பரிமாறியிருக்கிறேன்.
"எவ்வளவு இருக்கு?"
டப்பா அவன் முழங்கைக்குப் பக்கத்து அலமாரியில் இருந்தது.
வெனிலா, இரண்டு லிட்டர்.
"ஒண்ணும் இல்ல தம்பி."

போன பிறகு விளக்கைப் போடாமல் அடுப்பைப் பற்றவைத்தேன்.
நீலச் சுடர் போதுமாக இருந்தது.
இரண்டு மாத ஞாயிறுகள், எண்ணி வைத்தவை,
அள்ளி அள்ளிப் போட்டேன்.
மிதக்கவில்லை. மூழ்கி, பக்கவாட்டில் சாய்ந்து,
மூக்கு மழுங்கி,
அப்புறம் எது எதுவென்று இல்லை.
அந்தத் தடுப்பைத் தாண்டித்தான்
ம்ஃபுண்டோ வேலைக்கு நடந்து வருவான்.
இதை அன்றே நினைத்தேனா, பிறகு சேர்த்துக்கொண்டேனா,
சத்தியம் செய்ய மாட்டேன்.
பயம் இருந்தது. லைசென்ஸ் பற்றிய பயமும்தான்.

விடியும்போது மஃபின் தட்டில் பன்னிரண்டு வட்டங்கள்.
மனைவி வந்து பார்த்தாள்.
"இட்லி மாதிரி இருக்கு" என்றாள்.
வேறெதுவும் கேட்கவில்லை.

செப்டம்பரில் டயர் கடை ஷட்டர் பாதி திறந்தது.
ம்ஃபுண்டோ போன் செய்தான்:
கம்ப்ரஸரைக் கொண்டுபோயிட்டாங்க, ஜாக்கி, நாற்காலி,
கழிவறைக் கதவு வரைக்கும்.
உங்க வாளியை மட்டும் யாரும் தொடலை.

போனேன். சுவரில் கரி.
வாளியை இருவரும் சேர்ந்து தூக்கினோம், முப்பது கிலோ இருக்கும்.
வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தது.
"தாள் இன்னும் சாகலையா?" என்றான்.
இல்லை என்று தலையாட்டினேன்.

வீடு வரும்வரை ஒவ்வொரு வேகத்தடையிலும்
வாளி கிணுகிணுத்தது.
ஈயம் கிணுகிணுக்காது.
நிறையத் துத்தநாகம் கலந்திருக்கிறது,
உட்கார்ந்து பொறுக்க வேண்டும்.