பாதி லென்ஸ்

வீட்டை அவன் எடுத்துக்கொண்டான், காரை நான்.
பூனை யாரையும் கேட்காமல் என்னோடு வந்துவிட்டது.
அந்த அறுநூறு மில்லிமீட்டர் லென்ஸை மட்டும்
வக்கீலம்மாவால் இரண்டாக்க முடியவில்லை.
"ஆளுக்குப் பாதி" என்று எழுதி
பேனாவை மூடினாள்.

ஆகவே டிசம்பரிலிருந்து மார்ச் வரை
ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில்
விடியுமுன் துல்சேயா பேருந்து நிலையத்தில்
லிவியு நிற்கிறான்,
எங்கள் பழைய குளியல் துண்டில் சுற்றிய லென்ஸோடு.
துண்டு யாருக்கு என்று
எந்தத் தாளிலும் எழுதவில்லை.

பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது.
தாச்சியாவின் ஹீட்டர் என் பக்கம் மட்டும்தான் ஊதும்.
அவன் ஒன்றும் சொல்லமாட்டான்.
கையுறைகளைக் கழற்றி
முழங்கால்மேல் போட்டுக்கொள்வான்.

ரஸீம் ஏரி கரையோரமெல்லாம் இறுகிக் கிடக்கிறது.
நடுவில் மட்டும் ஒரு முற்றம் அளவு கறுப்புத் தண்ணீர்.
அதில் நாமக்கோழிகள்,
நெற்றி வெள்ளையோடு, நெருக்கியடித்துக்கொண்டு,
சுற்றிச் சுற்றி.
"நின்றால் மூடிக்கொள்ளும், அதுதான் நிற்பதில்லை" என்கிறார்
மீனவர் அர்த்தியோம்,
கடப்பாரையால் பனியைத் தட்டி
இது தாங்கும் அது தாங்காது என்று காட்டியபடி.
எங்களைத் தம்பதி என்றே நினைக்கிறார்.
மீன்சூப் ஒரே கிண்ணத்தில் வரும், இரண்டு கரண்டி.
மூன்று குளிர்காலமாக
நாங்கள் திருத்தவில்லை.

நாணலுக்குள் குப்புறப் படுத்திருக்கிறேன்.
செம்மார்பு வாத்துகள் இரவில் ஏரியில் உறங்கும்,
விடிந்ததும் கோதுமை வயலுக்குப் போகும்.
முதலில் சத்தம் வரும்,
பூட்டிய அறைக்குள் நூறு பேர் ஒரே நேரத்தில்
கதவைத் தேடுவதுபோல்.
பிறகு வானம் எழுந்து நகரும்.
நானூற்றிருபது படங்கள்.
பெரும்பாலும் சாம்பல் கறை, ஒரு இறக்கை, யாருடையதோ கால்.
ஒன்றில் மட்டும்
கூட்டத்தைவிட்டுத் தலை திருப்பிய ஒரு வாத்து,
கண்ணுக்குள் ஊசிமுனை வெளிச்சம்.
போதும்.

பத்து மணிக்குமேல் அவன் முறை.

மேட்டின்மேல் பாழ்ங்கோட்டை.
ஜெனோவா வணிகர்கள் கட்டியது என்பார்கள்,
இல்லை, துருக்கியர் என்பார்கள்.
அங்கே மேயும் ஆடுகள் அபிப்பிராயம் சொல்வதில்லை.
கூரை போய்விட்டது. வாசல் மட்டும் நிற்கிறது,
நுழைந்தாலும் வெளியேதான் இருப்போம்.
உள்சுவரில் எவனோ காவல்காரன்
நாட்களைக் கீறி வைத்திருக்கிறான்,
நான்கு கோடு, குறுக்கே ஒன்று,
நான்கு கோடு, குறுக்கே ஒன்று.
ஐம்பத்து மூன்றில் நிற்கிறது கணக்கு.
விடுப்பு கிடைத்ததோ, காய்ச்சல் வந்ததோ.

அந்தக் கோடுகள்மேல் வெயில் சாயும்வரை
லிவியு காத்திருக்கிறான்.
நாற்பது நிமிடம்.
பதினோரு வருடத்தில் ஒழுகும் குழாய்க்கு
நாலு நிமிடம் கொடுத்தவனில்லை.

துண்டில் சுற்றிய லென்ஸ் என் மடியில் கனக்கிறது.
அவன் கையில் இருப்பதோ
உள்ளங்கையில் அடங்கும் சின்ன லென்ஸ்.
அப்போதுதான், மூன்றாவது குளிர்காலத்தில்,
எனக்கு உறைத்தது:

கைக்கெட்டும் சுவரைப் படமெடுக்க
எவனுக்கு வேண்டும் அறுநூறு மில்லிமீட்டர்?

கேட்கவில்லை.
துண்டைப் பிரித்து நீட்டினேன்.
"உன் பாதி. இன்றைக்கு நீ எடு."

வாங்கினான். கோட்டைக்கு முதுகைக் காட்டி
ஏரியைப் பார்த்து நின்றான்.
கேமராவில் பொருத்தப் பார்த்து
இடப்பக்கம் திருகினான், பிறகு வலப்பக்கம்,
பிறகு என்னைப் பார்க்காமல்
மறுபடியும் இடப்பக்கம்.
முன்மூடியை இன்னும் கழற்றவே இல்லை.

கீழே அர்த்தியோம் கடப்பாரையைத் தூக்கி ஆட்டுகிறார்.
சூப் ஆறுகிறதாம்.