மூன்றாம் காசாளர் மேசை

வூப்பர்டாலில், தொங்குரயில் நிலையத்துக்குக் கீழே
அந்தச் சூப்பர் மார்க்கெட்டில்
பத்தொன்பது வருடம் நெஞ்சில் நீ குத்தியிருந்தது
என் பெயரை.
தில்லையம்பலம் நீளமென்று
சனம் உன்னைத் தில்லை ஆக்கிற்று.
புவனலோஜினி என்று கூப்பிட
ஐந்து பேர் இருந்தோமா?

கடைசிக் கிழமை
போர்வையில் உன் வலக்கை விரல்கள்
எதையோ தட்டியபடியே கிடந்தன.
நடுக்கம் என்று எழுதிக்கொண்டாள் தாதி.
நாலு நாலு இலக்கமாய்த் தட்டினாய்.
எனக்குத் தெரியும்,
அது வாழைப்பழம். அது தக்காளி.
அது விலை மறந்த ஏதோ ஒன்று,
திரும்பத் திரும்ப.

செத்தவீட்டுக்கு அந்தக் கிழவர் வந்தார்.
பூனைச்சாப்பாட்டுப் பேணி இரண்டுக்கு
சதம் சதமாய்க் கொட்டுவாரே, அவர்தான்.
வரிசை முறுமுறுக்க
நீ சிரித்தபடி எண்ணி முடிப்பாய்.
ஏச்சு முழுக்க வீட்டில் எனக்கு.
கையைப் பிடித்துக் கேட்டார்:
"தில்லையின் புருஷனா நீங்கள்?"
ஓமென்றேன்.
வேறு பெயர் வாயில் வரவில்லை.

நேற்றுப் பால் வாங்கப் போனேன்.
மூன்றாம் மேசையில் ஒரு பெடியன்.
மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டிருந்தேன்.
சில்லறையை உள்ளங்கையில் பரப்பி
ஒவ்வொன்றாய்ப் பொறுக்கினேன்.
பின்னால் யாரோ
பெருமூச்சு விட்டார்கள்.