மூச்சுச் சத்தம்

டீக்கடையில் பங்கு பிரிக்கிறார்கள்.
பட்டம் ஒரு ரூபாய் என்றால்
கோச்சுக்கு எத்தனை அணா?

நாலணா, அதுவே ஜாஸ்தி என்கிறார்
மீன்பாடி வண்டி தேசப்பன்.
எட்டணா கொடுக்கணும்பா என்கிறான் காஜா,
அந்தப் பொண்ணு இல்லாட்டி இவன் ஏது.
பெஞ்சின் மூலையில் பேப்பருக்குப் பின்னாலிருந்து
இன்னொருத்தர்:
ரிங்குல ஏறி அவளா அடி வாங்குனா?

என்னை யாரும் கேட்கவில்லை.
அடி வாங்கியவன் நான்.

ராயபுரம் பள்ளிக்கூட மைதானத்தில்
வாடகை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர்கள் இவர்கள்.
எனக்கு உடம்பில் ரசீது இருக்கிறது.

இடது விலா, கீழிருந்து மூன்றாவது எலும்பு:
இது ஜெசிந்தாவுடையது.
முதல் ரவுண்டில் ஆறு தடவை, இரண்டாவதில் ஒன்பது,
ஒரே இடம்,
தபாலாபீசில் முத்திரை குத்துவது போல
கோபமே இல்லாமல்.
ரயில்பெட்டித் தொழிற்சாலையில் பகலெல்லாம்
வெல்டிங் வைத்துவிட்டு வருகிறவள்.
மணல் மூட்டையில் சாக்பீசால் ஒரு வட்டம் போட்டாளாம்,
அஞ்சு பைசா அகலம்.
வெளியே பட்டால் முதலிலிருந்து எண்ணணும்.
என் வயசுதான் இருக்கும் அவளுக்கு.

மூக்கில் விழுந்தது தில்லிபாபுவுடையது.
கொருக்குப்பேட்டை கேட்டில்
கூட்ஸ் வண்டி போய் முடிகிறவரை
பெடலில் ஒரு காலை வைத்து நின்றவனின் அவசரம் அது.
அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை,
எங்களில் பாதிப் பேரிடம் இருக்கிறது.

மூன்றாவது ரவுண்டுதான் குழப்பம்.

விலகு, பாயிண்ட்ல முன்ன இருக்க, விலகுடா
என்று கயிற்றுக்குக் கீழே அவள் தொண்டை கிழிகிறது.
அவன் விலகவில்லை.
உள்ளே வந்தான்.
வலது.
என் பல்லுறை பறந்து
நடுவர் ஷூ மேல் விழுந்தது.

அது யாருடைய குத்து?
வேண்டாம் என்றாளே, அப்போது அவனுடையது
என்றுதான் முதல் ஒரு வாரம் வைத்திருந்தேன்.
ஆனால் விழும்போது எனக்குத் தெரிந்தது
அவன் பின்னங்கால் மட்டும்.
குதிகால் ஒரு விரல்கடை எழும்பி
கொஞ்சம் உள்வாங்கித் திரும்பியிருந்தது.
அப்படிப் பிறவியிலேயே யாரும் நிற்பதில்லை.
அவள் பேச்சைக் கேட்காத நேரத்திலும்
அவன் கால் கேட்டிருக்கிறது.

நடுவர் ஒரு கையைத்தான் தூக்கினார்.
மாலை, விசில், தோளில் ஏற்றிக்கொண்டு ஊர்வலம்.
போட்டோவில் அவள் இல்லை.

என் மூலையில் இருந்தாள்.
என் பக்கத்துக்கு வந்திருந்தது அத்தை மகன் ஒருவன்,
வாட்டர் பாட்டிலோடு.
ரத்தம் பார்த்தால் மயங்குவான்.
மயங்கியிருந்தான்.

கிழிந்த புருவத்தில் பஞ்சை வைத்து
கட்டைவிரலால் அமுக்கினாள்.
தீய்ந்த இரும்பு வாடை அவள் விரலில்.
ஏதோ ரேஷன் கடை வரிசையில் பேசுகிற குரலில் சொன்னாள்:

"ரைட்டு உடறதுக்கு முன்ன மூச்சு இழுக்கற நீ.
ஒவ்வொரு தபாவும்.
உன் வீடியோவ நாங்க பாக்கவே இல்ல,
போன கவுத்துப் போட்டு
சத்தத்த மட்டும் கேட்டோம்.
ரெண்டு மாசம்."

இதை ஏன் என்கிட்ட சொல்ற?

"அழுத்திப் புடி" என்றாள், பஞ்சை.
போய்விட்டாள்.

மூன்று தையல்.
காசிமேட்டு ஐஸ் கம்பெனியில்
விடியற்காலை மூணு மணிக்குப் பாளத்தில் கொக்கி மாட்டுகிறேன்.
தூக்குவதற்கு முன்னால் கேட்கிறது, ஸ்ஸ் என்று,
என் மூக்கிலிருந்து.
இத்தனை வருஷமாய் எனக்கு மட்டும் கேட்காதது.
இழுக்காமல் தூக்கிப் பார்க்கிறேன்.
நேற்று ஒரு பாளம் நழுவி
காலுக்குப் பக்கத்தில் இரண்டாகப் போனது.
ஓனர் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.

டீக்கடையில் ஆறணாவுக்கு வந்துவிட்டார்கள்.
காஜா மட்டும் இறங்கவில்லை.
கடைசியில் மாஸ்டர்தான், ஆற்றிக்கொண்டே,
என் பக்கம் திரும்புகிறார்:
எதுத்து நின்னவன் நீ. நீ சொல்லு.

எல்லோரும் பார்க்கிறார்கள்.
மூச்சை இழுக்காமல்
ஆரம்பிக்கப் பார்க்கிறேன்.