பதினோரு நிமிடம்

எங்கள் புந்தா அரேனாஸில் வண்டியைக்
காற்றுக்கு முகம்காட்டித்தான் நிறுத்த வேண்டும்.
இல்லையென்றால் திறந்த கதவு
காற்றோடு போய்விடும்.
விமான நிலையத்தில் அப்பா
மூன்று சுற்று சுற்றி
அப்படி ஓர் இடம் பிடித்தார்.
அந்த நேரத்தில்
பேச வேண்டியதைப் பேசியிருக்கலாம்.
வைப்பர்தான் பேசிக்கொண்டு வந்தது.

நானும் டானிட்சாவும் இரட்டையர்.
நான் பதினோரு நிமிடம் மூத்தவன்.
பதினேழு வருடமாக அந்தப் பதினோரு நிமிடத்தை
வட்டிக்கு விட்டுத் தின்றிருக்கிறேன்:
வண்டியில் முன் இருக்கை,
ரொட்டியில் மொறுமொறுப்பான நுனி,
சண்டையில் கடைசி வார்த்தை.

விண்ணப்பம் இருவரும்தான் போட்டோம்.
ஒரே மேசை, ஒரே பேனா, மாற்றி மாற்றி.
இடம் ஒன்றுதான்.
நேர்காணலில் இருவருக்கும் அதே கேள்வி:
ஒரு வருடம் வெளிநாட்டில், எதற்கு ஏங்குவாய்?

நான் முதுகை நிமிர்த்தி
"எதற்கும் இல்லை" என்றேன்.
அதை வீரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாளாம்.
பெருங்காற்று நாளில்
நடைபாதையோரம் கயிறு கட்டுவார்களே,
அதைப் பிடித்தபடி எதிரெதிரே வரும் இருவர்
யார் முதலில் கையை எடுப்பது என்று தெரியாமல்
நின்று சிரிப்பார்களே,
அதற்கு என்றாளாம்.

ஃபின்லாந்து அவளுக்குப் போனது.

பெட்டி இருபத்து மூன்று கிலோ தாண்டக் கூடாது.
குளியலறை எடை இயந்திரத்தில்
முதலில் நான் மட்டும் ஏறினேன்,
பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு.
என்னைக் கழித்தால் அவள் பயணம்.
இருபத்தைந்தரை.
பூட்ஸ் வெளியே வந்தது.
அம்மா வைத்த கலஃபாத்தே ஜாம் இரண்டில்
ஒன்று வெளியே வந்தது.
இன்னும் கால் கிலோ.
"மறுபடி ஏறு" என்றாள்.
மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு ஏறினேன்,
என் மூச்சும் அவள் கணக்கில்தான் இருக்கிறது என்பதுபோல.

ஃபின்னிஷ் மொழியில்
'தயவுசெய்து' என்பதற்குத் தனிச்சொல் கிடையாதாம்.
அம்மாவுக்கு வேறு கவலையே இல்லை.
"சாப்பாட்டு மேசையில் உப்பை எப்படிக் கேட்பாய்?"
"உப்பைக் கொடுங்கள் என்று."
"அவ்வளவுதானா?"
"மீதியை முகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் அம்மா."
அம்மா அன்று முழுவதும்
கண்ணாடி முன் நின்று முயன்று பார்த்தாள்.

இங்கே ஆகஸ்ட், குளிரின் வால்.
அங்கே கோடை கடையைக் கட்டுகிறது.
குளிரை விட்டுக் குளிருக்கே போகிறாள்.
டிசம்பரில் எங்கள் வெயில்
இரவு பத்து மணி வரை எழுந்து போகாது.
அவளுக்கு அப்போது
மத்தியானம் இரண்டரைக்கே இருட்டிவிடும்.
அவள் பங்கு வெயிலை என்ன செய்வது?
அப்பாவின் படகுக்கு வண்ணம் பூசலாம்.
சும்மாவும் விடலாம்.

சோதனை வாசலில்
ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்தவள்
வரிசையை உடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.
அழப் போகிறாள் என்று
நான் அழுகையைத் தயார் செய்துவிட்டேன்.
"நவம்பர் பத்தொன்பது" என்றாள்.
"அங்கே ஐந்து மணி நேரம் முன்னால்.
பதினெட்டு எனக்குத்தான் முதலில்.
இந்த வருடம் நான் அக்கா, இவோ."
பதில் யோசிப்பதற்குள்
அவள் காலுறைகள் போய்விட்டன,
ஒன்று நீலம், ஒன்று என்னுடையது.

கடைசி வார்த்தை.

திரும்பும்போது முன் இருக்கையில் உட்காரத் தோன்றவில்லை.
அம்மாவும் பின்னால்தான் ஏறினாள்.
அப்பா ஏதோ வாடகை வண்டி ஓட்டுபவர்போல
தனியே முன்னால்.

அந்தக் கேள்வியை இன்று கேட்டால்
நான் கூடத் தேறிவிடுவேன்.
யாரும் கேட்கவில்லை.

நாங்கள் உள்ளே இருந்த நேரத்தில்
காற்று திசை மாறியிருந்தது.
அப்பா திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:
"கதவு. ரெண்டு கையாலும் பிடிச்சுக்கோ."