இரண்டு ரசீதுகள்

ஒஸ்ட்ராவாவில் ஹிர்ஷ்லர் வீட்டு நூலகம்.
அலங்காரமே கிடையாது.
தரைமுதல் கூரைவரை கண்ணாடி,
வால்நட் பலகை அலமாரிகள்,
அவற்றின் நடுவே ஒரு மாடம்,
எண்பத்துநாலுக்கு அறுபத்தொன்று:
நீலக்குடைக்காரி ஓவியத்துக்கென்றே அளந்தது.

பொருத்தியவர் தச்சர் போஹுமில்.
பித்தளைத் திருகு நான்கு,
தலை வெளியே தெரியாமல்.

பத்தாண்டு கழித்து
சீருடைக்காரர்களுக்குக் கழற்றத் தெரியவில்லை.
அவரையே ஆளனுப்பி அழைத்தார்கள்.
வீட்டார் ரயிலேற்றப்பட்டு
அன்றைக்கு ஒன்பதாம் நாள்.

ஆவணக்காப்பகத்தில்
தப்பிய மகள் எர்னா
ரசீதுகளை அருகருகே வைக்கிறாள்.
அதே கையெழுத்து, அதே ஊதா மை.
பொருத்த நூற்றுநாற்பது கொருனா.
கழற்ற முப்பது,
டிராம் கட்டணம் தனி.

ஓவியம் திரும்பி வந்தது.
சட்டத்தோடு திருகு மூன்றுதான்.
நான்காவதை
மறந்தாரா,
பையில் போட்டுக்கொண்டாரா,
சுவரிலேயே விட்டுவிட்டாரா?

அதற்கு ரசீது இல்லை.